விழுந்த முடியும் கொடுத்த முடியும்

1

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு வரி எழுதுவேன். அடுப்பில் பால் பொங்குகிறதோ என்று எழுந்து போவேன். பொங்கியிருக்காது. என் தலையைப் பற்றிய கதை என்றால் எப்போதோ எழுதி முடித்திருப்பேன். இது என் மனைவி செல்வியின் தலையைப் பற்றியது. பெண்டாட்டிக்கு முடி கொட்டியதைப் புருஷனே ஊருக்குச் சொல்லலாமா என்ற கூச்சம்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் ஊரிலிருந்து மல்லிகா பேசியது. மல்லிகா, செல்வியின் அண்ணன் மனைவி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே அவர்களுக்கு வீடு, வாசலில் இளநீர்க் கடை.

“அண்ணா, வேங்கிக்கால்ல ஒரு பொண்ணுக்கு நம்ம செல்விக்குப் பண்ண அதே ஆபரேஷன் மெட்ராஸ்ல பண்ணாங்க. உடம்பு நல்லா எளைச்சிடுச்சி. ஆனா முடி கொத்துக் கொத்தா கொட்டுதாம். வெளியவே வரமாட்டேங்குது. மாமியார்காரி மந்திரிக்க இட்டுனு போறா. நீங்க நம்ம வீட்டுக் கதையைச் சொல்லுங்கண்ணா.”

செல்வியிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். “எழுதுங்க. ஆனா என்னைச் சாமியாக்கிடாதீங்க” என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அண்ணாமலையார் கையைப் பிடித்து நடத்தட்டும்.

2

நான் செங்கம் ரோட்டுக்காரன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்தேன். என் இங்கிலீஷ் எல்லாம் அங்கே தோசைக்கும் டீக்கும் நடுவில் கற்றதுதான். அப்படியே சமையல்காரனாக இங்கிலாந்து வந்து, ஹல் என்ற இந்தக் கடற்கரை ஊரில் வேரூன்றிவிட்டோம். நான் வேலைக்கு வந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். இப்போது நானும் செல்வியும் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் வேலை செய்கிறோம். ஒரே மகள் கீர்த்தனா. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். பூஜை மணி அடித்தால் அவள் அறைக் கதவு சாத்தும் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

செல்விக்கு ஊரில் சடைக்காரி என்று பெயர். கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர், “பொண்ணு சடையை முன்னால போட்டுக்கம்மா, பின்னால இருந்தா பாதி பொண்ணுதான் தெரியும்” என்றார். அவ்வளவு முடி.

இங்கே வந்தபிறகு உடம்பு பெருத்தது. குளிர், உட்கார்ந்த வேலை, மிச்சமான ரொட்டி, எதைச் சொல்ல? சர்க்கரை வந்தது. முட்டி போனது. ஒரு தடவை ஊருக்குப் போனபோது கிரிவலம் கிளம்பினோம். பெரிய கோயிலிலிருந்து அடி அண்ணாமலை வரை எப்படியோ வந்துவிட்டாள். பிறந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் வரவில்லை. மல்லிகா பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது. தன்னைக் குழந்தையிலிருந்து பார்த்த சனங்கள் சுற்றி நிற்க, செல்வி அதில் உட்கார்ந்து அழுதாள். மீதித் தூரத்தை ஆட்டோவில் சுற்றினோம். ஆட்டோவில் சுற்றினால் அது கிரிவலமா?

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். “அப்பனே, என் கால்ல நான் உன்னை முழுசா சுத்தி வரணும். வந்தா என் தலைமுடியை மொத்தமா குடுத்துடறேன்.”

மல்லிகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பூமுடினு வேண்டிக்கோடி! ஓரத்துல கொஞ்சம் கத்திரிச்சாப் போதும். புருஷன் கூட இருக்கிறவ மொட்டை போடுவாங்களா?”

“வாயால சொல்லிட்டேன் அண்ணி” என்றாள் செல்வி.

3

இங்கே அந்த ஆபரேஷன் காசில்லாமல் நடக்கும். ஆனால் நடப்பதற்குள் நம் பொறுமை நடந்து நடந்து தேய்ந்துவிடும். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவார். அவர், எடை குறைக்கும் வகுப்புக்குப் போய்விட்டு வா என்பார். வகுப்பில் படம் காட்டுவார்கள். மனநல டாக்டர் ஒருவர், ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். “பசிக்குது, அதான்” என்றாள் செல்வி. அந்த அம்மாவே சிரித்துவிட்டார். கடிதம் வரும், தேதி தள்ளிப்போகும், மறுபடி கடிதம் வரும். நானாக இருந்தால் விட்டிருப்பேன். செல்வி ஒரு வகுப்பையும் விடவில்லை.

வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் தண்ணீர் மாதிரி, பிறகு கூழ் மாதிரி, பிறகு ஒரு சின்னக் கிண்ணம் அளவு. எங்களுக்கெல்லாம் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் அந்தக் கிண்ணத்தோடு உட்காருவாள். முகம் கோணமாட்டாள். சர்க்கரை இறங்கியது. மாடிப்படி ஏறினாள். பழைய ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது. அண்ணாமலையார் கண் திறந்துவிட்டார் என்று நான் கற்பூரம் ஏற்றினேன்.

4

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டிருந்தவள், “ஏங்க, இங்க வாங்க” என்றாள். சீப்பு முழுக்க முடி. கையால் கோதினால் கையோடு வந்தது.

கூந்தல் மணிக்கட்டு கனத்திலிருந்து விரல் கனத்துக்கு வந்தது, பிறகு எலிவால். வகிடு அகலமாகி, நெற்றி ஓரத்தில் தோல் தெரிந்தது. தலைக்குத் துணி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்கு இருந்த பயம் அழகைப் பற்றியது அல்ல. “இது சாமி முடிங்க. குடுக்கிறதுக்குள்ள போயிடுச்சினா நான் எதைக் குடுப்பேன்?” அதுதான் பயம்.

விழுந்த முடியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்து, விழுவதையெல்லாம் அதில் சேர்த்துப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

ஊருக்கு வீடியோ காலில் பேசினால் மல்லிகா விடாது. “இன்னாடி, ஆளே பாதியாயிட்ட. துணியை எடு, தலையைக் காட்டு. ஐயோ! சாமி குத்தமா இருக்கப் போவுது. வேண்டிக்கிட்டு உடனே வரலைனு கோவம் போல கீது.” அதன்பின் வைத்தியங்கள் வந்து குவிந்தன. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயச் சாறு. வெங்காயச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தாள். எங்களோடு வேலை செய்யும் பீட்டர் என்ற போலந்துக்காரர் மோப்பம் பிடித்து, “இன்றைக்கு வெங்காய ரொட்டியா?” என்று என்னிடம் கேட்டார். பீட்டருக்கு வழுக்கை. ஒரு முடி கிடையாது. ஆனாலும் சட்டப்படி அவரும் தலைக்கு வலை மாட்ட வேண்டும். அந்த வலைக்குக் கீழே எல்லாத் தலையும் ஒன்றுதான். செல்வி தலையைப் பற்றி நினைக்காமல் இருந்த ஒரே இடம் அந்த ஃபேக்டரி.

நான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, “என் மனைவியின் முடி போகிறது” என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எடுத்த பெண், “எங்கே போகிறது?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த கீர்த்தனா ஃபோனைப் பிடுங்கித் தானே பேசி, தேதி வாங்கினாள். “அப்பா, ப்ளீஸ், இனிமே நானே பேசறேன்” என்றாள். அவள் தானாக வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

இதற்கு நடுவில் செல்வி ஒரு காரியம் செய்திருந்தாள். மல்லிகா சாமி குத்தம் என்று சொன்ன நாளிலிருந்து, வேண்டுதல் முடியும்வரை கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். திங்கட்கிழமை விரதம். பிரதோஷம், கிருத்திகை, பௌர்ணமி வந்தால் அதுவும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையின் மேல்கூடு மாட்டு எலும்பில் செய்தது என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. இந்த ஊரில் இவ்வளவு பக்தியாக யார் இருப்பார்கள் என்று பெருமைதான் பட்டேன்.

டயட்டீஷியன் அம்மாவைப் பார்க்கப் போனோம். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர். வயதானவர், நல்ல முகம்.

“சாப்பாடு எப்படிப் போகிறது?”

“குட், குட்” என்றேன் நான். செல்வி தலையாட்டினாள்.

கீர்த்தனா கையிலிருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். “நோ. அம்மா சாப்பிடறதே இல்ல. முட்டை இல்ல, சிக்கன் இல்ல, மாத்திரை இல்ல. வாரத்துல ஒரு நாளாவது பட்டினி. அப்பா அதை எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிறாரு.” இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

 செல்வி மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அந்த அம்மா திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்கள் முடி கொட்டுவது நிறையப் பேருக்கு நடப்பது, உடம்பு அதிர்ந்துபோய் முடியைக் கைவிடுகிறது, சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வரும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆனால் வயிறு இவ்வளவு சின்னதாக இருக்கும்போது பட்டினியும் கிடந்து, புரதமும் இரும்புச் சத்தும் இல்லாமல் போனால் முடியோடு நிற்காது, ஆளே விழுந்துவிடுவாய் என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு வேண்டுதலைப் பற்றிக் கேட்டார். கீர்த்தனா மொழிபெயர்த்தாள்.

“உங்கள் கடவுள் பருப்பைச் சாப்பிடக் கூடாது என்று சொன்னாரா?”

“இல்ல” என்றாள் செல்வி.

“மாத்திரை வேண்டாம் என்றாரா? பட்டினி கிடக்கச் சொன்னாரா?”

செல்வி இல்லை என்று தலையை ஆட்டினாள். “அவர் ஒண்ணும் சொல்லல. நான் முடி தரேன்னேன், அவ்ளோதான். மத்ததெல்லாம் நானா சேத்துக்கிட்டது.”

கீர்த்தனா அதையும் மொழிபெயர்த்தாள்.

வீட்டுக்கு வரும்போது காரில் செல்வி, “பெத்த பொண்ணே காட்டிக் குடுத்துட்டாளே” என்றாள். பின்சீட்டிலிருந்து கீர்த்தனா, அரைகுறைத் தமிழில், “நீ செத்துப்போனா நான் யார்கூட சண்டை போடறது?” என்றாள்.  இரண்டு பேரும் அழுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

கறியும் முட்டையும் வேண்டாம் என்ற சொல்லைச் செல்வி காப்பாற்றினாள். விரதத்தை விட்டாள். கூடு இல்லாத, மென்று தின்கிற மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து கம்மி என்று தெரிந்து அதற்கும் மருந்து வந்தது. கீர்த்தனா கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து, எதில் புரதம் ஜாஸ்தி என்று வாங்கிவந்தாள். பச்சைப்பயறு அடை, கொண்டைக்கடலைச் சுண்டல், பன்னீர், கெட்டித் தயிர். முதல் அடை கருகிப்போனது. “பரவால்ல, பீட்டர் தலை மாதிரி பளபளனு இருக்கு” என்று சொல்லிச் செல்வி அதையும் மென்று தின்றாள்.

6

ஊருக்குப் போகச் செல்வியின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் வட இந்தியப் பெண். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். “தலையில் துணி கட்டக் கூடாது. மதக் காரணம் இருந்தால் மட்டும்தான்.”

“மதக் காரணம்தான் மேடம்” என்றேன்.

“எந்த மதம்?”

“இந்து.”

“இந்துவுக்கு ஏது இப்படி ஒரு வழக்கம்?”

வேண்டுதலை இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள். “விடுங்க. ஒரு போட்டோவுக்காகச் சாமியை இழுக்காதீங்க.” துணியை அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள். அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், தோல் தெரிகிற தலையோடு நடந்துபோய், அங்கிருந்த போட்டோ பெட்டிக்குள் உட்கார்ந்தாள்.

புதுப் படத்தைக் கொடுத்தபோது கவுன்ட்டர் பெண் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் பிரசவத்துக்குப் பிறகு கொட்டியது. யாரிடமும் சொல்லவில்லை” என்றார். செல்வி அவரிடம், “கம் பேக், கம் பேக்” என்றாள். திரும்ப வரும் என்று தைரியம் சொன்னாள். அந்தப் பெண்ணோ இவள் தன்னை மறுபடி வரச் சொல்கிறாளோ என்று விழித்தார். பிறகு புரிந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் துணி கட்டவில்லை.

7

வந்தது. நிஜமாகவே வந்தது. முதலில் நெற்றி ஓரத்தில், நாற்றங்காலில் பயிர் எட்டிப் பார்ப்பது மாதிரி. பிறகு தலை முழுக்க, பழைய எலிவாலுக்கு அடியில், குழந்தை முடி போல மெத்தென்று. விரல் நீளம் வந்ததும் எண்ணெய் வைத்தால் படியாமல் எழுந்து நிற்கும். ஒரு காலையில் செல்வி கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவித் தடவிச் சிரிப்பதைப் பார்த்தேன். கல்யாணத்துப் போட்டோவில் கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

எங்கள் மூன்று பேருக்குமே மனதில் ஒரே கேள்விதான்: இதையும் கொடுக்க வேண்டுமா? 

ஊருக்குப் போனோம், அந்த வேட்டித் துணிப் பையையும் எடுத்துக்கொண்டு. பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம் என்று சாதாரண நாளாகப் பார்த்து, விடியலில் பெரிய கோயிலிலிருந்து கிளம்பினோம். கீர்த்தனாவும் வந்தாள், அம்மாவுக்காகச் செருப்பில்லாமல். “அவுச், அவுச்” என்று கல்லுக்குக் கல் சொல்லிக்கொண்டே வந்தாள். அடி அண்ணாமலையில் மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தது. பக்கத்தில் அதே பிளாஸ்டிக் நாற்காலி.

“வா, வந்து குந்து. எளநி வெட்டறேன்.”

செல்வி நாற்காலியின் முதுகைத் தொட்டாள். ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தாள். “வந்து குடிக்கிறேன் அண்ணி” என்று நடந்துவிட்டாள். மல்லிகாவுக்கு என்ன தோன்றியதோ, கடையைச் செல்வியின் அண்ணனிடம் விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து நடந்தது. வழியெல்லாம், “இந்தக் காலா அன்னிக்கு நவுரமாட்டேன்னது” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது. முழுசாகச் சுற்றிக் கோபுரத்துக்கு வந்ததும் செல்வி தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க என் கையைக் கேட்கவில்லை.

அன்று மாலை மல்லிகா வீட்டில் அந்தப் பேச்சு வந்தது.

மல்லிகா, “அதான் அந்தப் பையி நெறைய முடி கீதே. அதைக் கொண்டுபோய்ச் செலுத்திடு. சாமி தானே எடுத்துக்கிச்சி, வேண்டுதல் தீந்துபோச்சி” என்றது.

நான், “பூமுடி போதும் செல்வி. பழைய முடியில கொஞ்சம் கத்திரிச்சிக் குடுத்துடலாம்” என்றேன். உள்ளுக்குள் அந்தக் கண்ணாடிச் சிரிப்புதான் எனக்கு.

கீர்த்தனா, “அம்மா, இப்பதான் வந்திருக்கு. ப்ளீஸ்” என்றாள்.

செல்வி எல்லாரையும் பார்த்தாள். கோபமில்லை. “விழுந்தது தானா விழுந்தது. அதை நான் குடுக்கல. பழசை மட்டும் குடுத்தா, கழிச்சதைக் குடுத்த மாதிரி. பட்டினி கெடக்கிறேன்னு நான் சொல்லல, அதை விட்டுட்டேன். முடி தரேன்னு சொன்னேன். அதை எப்படி விடறது?”

மறுநாள் காலை கோயிலில் முடி காணிக்கை செய்யும் இடத்தில் உட்கார்ந்தாள். முடி எடுப்பவர் தலையை நனைத்தார். விரலால் அளைந்துவிட்டு நிறுத்தினார்.

“இன்னாம்மா இது, அடியில புதுசா கும்முனு வளந்துகினு வருதே. கொஞ்ச நாள் வுட்டுட்டு வாயேன். சாமி எங்க போயிடப் போறாரு?”

“வெச்சிருந்தா ஆசை வந்துடுங்க. இப்பவே வந்துடுச்சி. எடுத்துடுங்க” என்றாள் செல்வி.

அவர் மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை வைத்தார். பழைய நீள முடி முதலில் விழுந்தது. பிறகு அந்தப் புது முடி, துணுக்குத் துணுக்காக, மடியிலும் தோளிலும். அதைப் பார்த்தபோதுதான் செல்வியின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் தலையை அசைக்கவில்லை. வேட்டித் துணிப் பையிலிருந்ததையும் பக்கத்தில் கொட்டினாள். அது கூடுதல், அவ்வளவுதான். தலையிலிருந்த முடிக்குப் பதிலாக இல்லை.

சந்தனத்தை நான் எடுப்பதற்குள் கீர்த்தனா எடுத்துவிட்டாள். உள்ளங்கையில் குழைத்து, அம்மாவின் தலையில் நெற்றியிலிருந்து பிடரி வரை மெதுவாகப் பூசினாள். சின்ன வயதில் செல்வி அவளுக்குப் பூசிய மாதிரியே.

“ஜில்லுனு இருக்குடி” என்றாள் செல்வி.

“ஸ்டில்லா இரும்மா. காதுகிட்ட இன்னும் பாக்கி இருக்கு.”

8

திரும்பி வந்து ஃபேக்டரிக்குப் போன முதல் நாள், பீட்டர் செல்வியைப் பார்த்துத் தன் தலை வலையைத் தூக்கி மரியாதை செய்தார். இப்போது செல்விக்கு முடி தோளுக்கு வந்துவிட்டது. பழைய கனம் இல்லை. அவள் அதைத் தேடுவதும் இல்லை. மாத்திரையை மறப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கீர்த்தனாதான் கூட்டிப் போகிறாள். பூஜை மணி அடித்தால் இப்போதும் அவள் கதவைச் சாத்துகிறாள். கிருத்திகைக்கு மட்டும் சாத்துவதில்லை. அது எனக்குப் போதும்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேங்கிக்கால் பெண்ணைப் போல யாராவது உங்கள் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், இதை அப்படியே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், இல்லை அனுப்புங்கள். நடுவில் எந்த எண்ணெயையும் சேர்க்காதீர்கள். சாமி ஒரே இரவில் முடியைக் கொடுத்தார் என்று மாற்றாதீர்கள். பருப்பையும் மாத்திரையையும் டயட்டீஷியன் அம்மாவையும் எடுத்துவிடாதீர்கள். சாமியையும் எடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நாங்களாகச் சேர்த்துக்கொண்டதுதான் எங்களைப் படுத்தியது.

சுருக்கித்தான் சொல்ல வேண்டும் என்றால், இது ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். செல்வி முடி கொடுக்கப் போய் உட்கார்ந்தபோது தலையில் முடி இருந்தது. போனதைக் கணக்குக் காட்டிவிட்டு அவள் எழுந்து வரவில்லை. வந்ததைக் கொடுத்தாள்.